அச்சுத் தகடும் ஆவாரம்பட்டையும்

பெங்களூரில் வாழும் தமிழருள் சிவாஜிநகரை அறியாதார் அரியர். முன்னாளில் அதற்குப் பிளாக்பள்ளி என்பது பெயர். பாளையத்தின் வீதிகளை வகுத்த ஜான் பிளாக்கிஸ்டன் என்னும் பொறியாளரின் பெயரே அவ்வாறு மருவிற்று என்பார் ஒரு சாரார். வெள்ளரிசியின் ஊர் என்னும் பொருளில் கன்னடத்தில் வழங்கிய 'பிளி அக்கிப் பள்ளி' ஆங்கிலேயர் நாவில் திரிந்தது என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பெயர் எவ்வாறு வந்ததாயினும் ஆட்கள் வந்த வழி தெளிவானது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு நீங்கிப் பெங்களூரில் பாளையம் இறங்கியது. சென்னைப் படையின் பின்னே தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும் சமையற்காரரும் வண்டியோட்டிகளும் கடைக்காரரும் கொத்தர்களும் வந்து குடியேறினர். 1834ஆம் ஆண்டு முதல் சென்னைச் சாப்பர்கள் என்னும் பொறியியற் படைக்கும் அல்சூர் ஏரியின் அருகே நிலையான இருப்பிடம் அமைந்தது. அப்படை வீரரை இன்றும் 'தம்பி' என்று தமிழிலேயே செல்லமாக அழைப்பர். வீதிப் பெயர்களிலும் படையின் அணிவகுப்பைக் காணலாம். காலாட்படைக்கு இன்ஃபன்ட்ரி ரோடு. குதிரைப்படைக்குக் காவல்ரி ரோடு. பின்னது இப்போது காமராஜர் சாலை எனப்படுகிறது. குதிரைப்படை இருந்த இடத்தில் குதிரைகள் இருந்தன. குதிரைகள் இருந்த இடத்தில் சேணம், கடிவாளவார், அங்கவடிவார், வண்டிப் பூட்டுவார் என்று தோலின் தேவைக்கு எல்லையே இல்லை. 1896ஆம் ஆண்டில் நாலாவது ஹுஸ்ஸார் படையுடன் இங்கு வந்திறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில் என்னும் இளைய அதிகாரி, போலோ ஆட்டத்திற்கும் புத்தகங்களுக்குமாகத் தம் பொழுதைப் பங்கிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் ஏறிய குதிரையின் சேணத்தைத் தைத்துப் பழுது பார்த்த கைகளைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

அத்தகைய கைகள் செய்த வேலையுள் மிகச் சிறிய ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இடுப்புவாரின் உட்புறத்திலோ பணப்பையின் மூலையிலோ ஒரு பெயரும் ஒரு சின்னமும் அமுங்கிப் பதிந்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். விரலால் தடவினால் அது தெரியும், கழுவினால் போகாது, மை உதிர்வதுபோல் உதிராது. அதைப் பதிப்பதற்கு ஓர் உலோகத் தகடு வேண்டும். பட்டறையில் அதனை 'டை' என்பர். அச்சகத்தார் 'பிளாக்' என்பர். நாம் அச்சுத் தகடு என்று வழங்குவோம். பாளையத்தில் இவ்வழக்கத்திற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆங்கிலப் படைக்குரிய தோற்பொருள்களில் செய்தவர் பெயரும் ஆண்டும் அரசின் உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக் குறியும் பதிப்பது மரபு. இந்திய அரசுக்குரியதாயின் அம்போடு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும் சேரும். அழகுக்காக அன்று, களவையும் கலப்பையும் தடுப்பதற்காகவே அந்த முத்திரை தோலின்மேல் ஏறியது. அழகு பின்னர்த்தான் வந்தது.

தகட்டைப் பற்றிப் பேசுமுன் தோலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் தகட்டின் வெற்றியும் தோல்வியும் தோலின் கையில் இருக்கின்றன. தமிழகத்தில் தோல் பதனிடுவதற்கு நம்முன்னோர் ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினர். ஆவாரை பூத்த ஊரில் சாவார் இல்லை என்று மருத்துவர் போற்றும் அதே செடிதான். வறண்ட மேட்டு நிலத்தில் வேலியோரத்தில் தானே முளைக்கும் அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைந்துள்ளது. மயிர் களைந்த தோலை அப்பட்டை ஊறிய நீரில் பல நாள் போட்டுவைத்து, இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்து நிறம் வெளுக்கச் செய்து, எண்ணெய் தடவி உலர்த்துவர். 1840ஐ ஒட்டிய காலத்தில் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்னும் யுரேஷியர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார் என்று தோல் தொழிலின் வரலாறு கூறும். அதன்பின் சென்னை மாகாணத்துத் தோல் 'கிழக்கிந்தியப் பதத்தோல்' என்னும் பெயரோடு லண்டன் சந்தைக்குக் கப்பல் ஏறியது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்ப் பாளையம் வரை மற்றொரு பாதை திறக்கப்பெற்றது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அப்பாதைகள் கூடும் வழியில் இருந்தன. பதனிட்ட ஊருக்கும் தைக்கும் ஊருக்கும் இடையே இருந்த மலைவழி இவ்வாறு ஓரிரவுப் பயணமாகச் சுருங்கியது.

பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. தோல் என்பது எண்ணிறந்த நார்களின் பின்னல். பட்டையின் துவர்ப்பு அந்நார்களினூடே புகுந்து இடைவெளிகளை நிரப்பிக் கெட்டிப்படுத்துகிறது. அத்தகைய தோலை நீரால் நனைத்து, மேற்பரப்பு மீண்டும் வெளிறத் தொடங்கும் பக்குவத்தில் ஒரு முத்திரையை வைத்து அழுத்தினால், அது பிசைந்த களிமண்போல் இடம் கொடுக்கும். உலர்ந்தபின் அந்த உருவத்தை விடாது. ஆண்டுகள் கழிந்தாலும் பதிந்தது பதிந்ததுதான். நனைவின் பக்குவத்தை நூலில் எழுதிக் காட்ட இயலாது. மிகுதியாக நனைந்தால் எழுத்தின் விளிம்பு குழைந்துவிடும். குறைவாக நனைந்தால் மேல்தோல் வெடிக்கும். பழகிய தொழிலாளி தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் தெரியக்கூடாது; அதுவே பதம். நம் வீட்டுப் பெண்டிர் பாகின் பதத்தை விரலிடையே பார்ப்பது போன்றது இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுலகம் மாறத் தொடங்கியது. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை எளிதாக்கினார். பட்டையில் வாரக்கணக்கில் முடிந்த வேலை குரோமியத்தில் நாட்கணக்கில் முடிந்தது. சென்னையில் இதனை முதன்முதல் ஊன்றிச் சோதித்தவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். தொழிற்கலைப் பள்ளியில் 1903இல் அவர் தொடங்கிய முயற்சிக்கு நம் நாட்டு உழவரின் கவலைச் சால் ஒரு முக்கியக் காரணம் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கிணற்றில் ஓயாது நனையும் தோற்சால் பட்டைத் தோலாயின் விரைவில் இற்றுப்போகும். குரோமியத் தோலாயின் நீண்ட நாள் உழைக்கும். அரசு இவ்வாறு தொழில் நடத்துவதைத் தனியார் வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இங்கிலாந்து அமைச்சரின் ஆணையும் அவர்களுக்குத் துணையாக வந்தது. சென்னை அரசின் தோற்சாலை கைமாறியது. சாட்டர்டன் 1912இல் மைசூர் அரசின் தொழில் துறைக்குத் தலைமை ஏற்று நம் பெங்களூருக்கே வந்து சேர்ந்தார். முதல் உலகப் போரில் படை வீரர் காலணிக்காகச் சென்னை மாகாணத்துப் பட்டைத் தோலை அரசே வாங்கிக்கொண்டது என்பதையும் மறத்தல் ஆகாது. பழைய முறை அதற்குள் மாண்டுவிடவில்லை. ஆயினும் நாளடைவில் ஆவாரையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும், பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் குரோமியமும் பிடித்துக்கொண்டன.

அச்சுத் தகட்டிற்கு இதனால் விளைந்த துன்பம் யாது? குரோமியத் தோல் மெல்லியது, நெகிழ்வது, வெந்நீருக்கும் அஞ்சாதது. ஆனால் அதற்கு நினைவு குறைவு. அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் மெல்ல மெல்ல எழுந்துவிடும். இன்று பதித்த பெயர் மறு மாதம் மங்கிப்போகும். இதனால்தான் குரோமியத் தோலைப் பின்னர்ப் பட்டைச் சத்தில் மீண்டும் தோய்த்து இரண்டின் குணத்தையும் கூட்டும் முறை எழுந்தது. அதற்கும் இணங்காத தோலில் சூட்டையும் வண்ணத் தாளையும் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கேள்விகளைத் தொழிற்சாலையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வந்தது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, பட்டறையில் உழைப்பவனுக்குப் பயன்படாத தோல் அறிவியலை அறிவியல் என்றே மதியாதவர்.

தோலில் உருவம் பதிப்பது நம் நாட்டிற்கோ ஆங்கிலேயர்க்கோ மட்டும் உரிய கலை அன்று. பாரசீகத்தில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நூலின் மேலட்டை நடுவே ஒரு நீள்வட்டப் பதக்கமும் நான்கு மூலைகளில் நான்கு கொடிப்பின்னலும் ஒரே அழுத்தில் பதியுமாறு பெரிய அச்சுக்களை வெட்டினர், பொன்னும் பூசினர். ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரம் சுவரில் தொங்கவிடும் பொற்றோலுக்குப் பெயர் பெற்றது. அதில் பொன் இல்லை என்பது வேடிக்கை. வெள்ளித் தகட்டின்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசியே பொன்னாகக் காட்டினர். 1628இல் ஹேக் நகரத்து யாக்கோப் டிர்க்ஸ் டி ஸ்வார்ட் என்பவர் அத்தகைய தோலை அச்சுக்களில் அழுத்திப் புடைப்புச் சித்திரமாக்கும் முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இங்கிலாந்தில் 1832ஐ ஒட்டி நூற்கட்டுநர்க்கென ஓர் இரும்பு அழுத்துபொறி வந்தது. பிரபுக்களின் குலச் சின்னத்தை அட்டையில் பதிக்கப் பயன்பட்டதால் அதற்கு 'ஆர்மிங் பிரஸ்' என்று பெயர். குலச்சின்னம் உடையவர் சிலர். கடைச்சின்னம் உடையவர் பலர். அப்பொறி விரைவில் பிரபுக்களை விட்டு வணிகரிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. வங்கத்தில் 1922இல் தோன்றிய ஸ்ரீநிகேதனில் ரதீந்திரநாத் தாகூரும் பிரதிமா தேவியும் வளர்த்த தோற்கலை வேறு வகையானது. அங்கே தகடு இல்லை. நனைந்த பட்டைத் தோலில் கைக்கருவியால் கோடிட்டு அமுக்கி வண்ணம் தீட்டுவர். ஒரே உருவம் இரண்டு முறை வாராது என்பது அதன் பெருமை. ஒரே உருவம் ஆயிரம் முறை பிழையின்றி வரும் என்பது தகட்டின் பெருமை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

இனித் தகட்டிற்கு வருவோம். பழைய முறையில் அதனைக் கையால் வெட்டுவர். பித்தளைக் கட்டியை அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, அதன்மேல் வெள்ளை பூசி, எழுத்தை இடம் வலமாக மாற்றி வரைவர். கண்ணாடியில் பார்த்தால்தான் எழுத்து நேராகத் தெரியும். பின்னர்ச் சிற்றுளியால் எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சீவி எடுக்க எழுத்து மேடாக நிற்கும். அம்மேடு தோலில் அழுந்தும்போது பள்ளமான எழுத்து கிடைக்கிறது. தோலில் எழுத்து மேலெழுந்து நிற்க வேண்டுமாயின் தகட்டில் எழுத்தைக் குழியாக வெட்டி, தோலின் அடியில் அக்குழிக்குப் பொருந்தும் அட்டை முட்டு ஒன்றையும் செய்து, இரண்டிற்கும் நடுவே தோலை வைத்து அழுத்துதல் வேண்டும். வேலை இரட்டிப்பு, விலையும் இரட்டிப்பு. ஆகையால் எளிய பொருளில் பள்ள எழுத்தே மிகுதி.

காகிதத்திற்கு வெட்டும் தகட்டிற்கும் தோலுக்கு வெட்டும் தகட்டிற்கும் வேறுபாடு பெரிது. காகிதம் மெல்லியது, மேற்பரப்பைத் தொட்டாலே போதும். தோலோ தடித்தது, தகட்டின் பள்ளம் போதிய ஆழம் இல்லையாயின் எழுத்தைச் சுற்றியுள்ள தரையும் தோலைத் தொட்டு அழுக்குப்போல் ஒரு நிழலைப் பதித்துவிடும். எழுத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக இருந்தால் விளிம்பு கத்திபோல் மேல்தோலை அறுக்கும். சற்றே சரிந்திருந்தால் தோல் வளைந்து இறங்கும். மிக மெல்லிய கோடு தோலின் இயற்கை வரிகளிடையே காணாமற் போகும். பழகிய கைவினைஞர் கொண்டுவந்த படத்தை அப்படியே வெட்டமாட்டார். மெல்லிய கோட்டைத் தடிப்பார், நெருங்கிய கோடுகளை விலக்குவார், சிறு புள்ளியைத் தள்ளிவிடுவார். வந்தவர் முதலில் முகம் சுளிப்பார். தோலில் கண்டபின் அமைதி அடைவார்.

கையால் வெட்டும் முறைக்குப் போட்டியாக அமில முறை எழுந்தது. இதில் ஓர் அழகிய ஒற்றுமை மறைந்து கிடக்கிறது. துத்தநாகத் தகட்டின்மேல் பசையோடு டைகுரோமேட் உப்பைக் கலந்து பூசி, எழுத்துள்ள இடம் மட்டும் ஒளி புகும் படச்சுருளை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவர். ஒளி பட்ட பசை நீரில் கரையாதபடி இறுகிவிடும். படாத பசை கழுவினால் போய்விடும். இந்த இயல்பைக் கொண்டு 1852இல் ஃபாக்ஸ் டால்பட் உலோகத்தில் படம் செதுக்க உரிமை பெற்றார். ஏன் இறுகுகிறது? பசை என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பொருள். ஒளி பட்டதும் டைகுரோமேட்டின் குரோமியம் நிலை மாறிப் பசையின் இழைகளைப் பிணைத்துவிடுகிறது. குரோமியம் தோலைப் பதனிடுவதும் இவ்வாறே. தகட்டின்மேல் ஒளி எழுதுவதும் ஒருவகைத் தோல் பதனிடுதலே! குரோமியத் தொட்டி ஒரு தெருவிலும் பிளாக் செய்யும் இருட்டறை வேறொரு தெருவிலும் இருந்தாலும் இரண்டிலும் நடப்பது ஒரே வேதியியல்.

பசை காத்த இடம் தவிர மற்ற இடத்தை நைட்ரிக் அமிலம் அரிக்கும். அது கீழ்நோக்கி மட்டும் அரித்தால் கவலை இல்லை. பக்கவாட்டிலும் அரித்து எழுத்தின் கால்களைத் தின்றுவிடும். அதனைத் தடுக்க, 'டிராகன் இரத்தம்' என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற சிவந்த பிசின் பொடியை நாற்புறமும் தூரிகையால் ஒதுக்கி, சூட்டில் உருக்கிப் பக்கங்களைக் காப்பர். பிறகு மீண்டும் அமிலம், மீண்டும் பொடி. ஆழமான தகட்டிற்குப் பல முறை இவ்வாறு செய்ய வேண்டும். அறையெங்கும் பழுப்பு நிறப் புகை எழும். நுரையீரலுக்கு அது பெருங்கேடு. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் டௌ நிறுவனம் மக்னீசியத் தகட்டைப் பொடியின்றி ஒரே முறையில் அரிக்கும் வழியைக் கண்டது. இன்று பெங்களூரில் கணிப்பொறி இயக்கும் செதுக்கு இயந்திரம் பித்தளையைச் சிறிது நேரத்தில் குடைந்து தருகிறது. 1953இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிற்சாலை எழுந்தது முதல் இயந்திரங்களை ஆக்கிப் பழகிய நகரமன்றோ இது! மக்னீசியம் மலிவு, ஆனால் மெத்தென்றது, சில ஆயிரம் அழுத்தில் விளிம்பு மழுங்கும். பித்தளை விலை மிகுந்தது, நெடுநாள் நிற்கும். ஐம்பது பைகளுக்குப் பித்தளை கேட்பதும், ஆண்டு முழுதும் ஓடும் வேலைக்கு மக்னீசியம் கேட்பதும் ஆகிய இரண்டும் அறிவுடைமை அல்ல என்பது என் எண்ணம்.

பெயர் பதிக்கும் தகடு ஒருபுறமிருக்க, தோலின் முகத்தையே மாற்றும் தகடும் உண்டு. உண்மையான முதலைத் தோலின்மேல் மின்சாரத்தால் நிக்கலைப் படியவைத்து உரித்தெடுத்தால், அதன் செதிலெல்லாம் உலோகத்தில் வந்துவிடும். 1838இல் பீட்டர்ஸ்பர்க்கில் யாக்கோபி கண்ட மின்படிவுக் கலையின் வழித்தோன்றல் இது. அத்தகட்டை மாட்டுத் தோலில் அழுத்தினால் நேற்று வண்டி இழுத்த மாடு இன்று முதலையாகிவிடும். தழும்பும் உண்ணிக்கடியும் மறையும் என்பதால் தோற்சாலைக்காரர்க்கு இதில் பேராசை. வாங்குவோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சிவாஜிநகர் போன்ற இடத்தில் தகடு வெட்டுபவருக்கு எழுத்தே ஒரு சோதனை. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் அங்கே ஒரே தெருவில் கடைப் பலகையாகத் தொங்குகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து நேர்கோடுகளால் ஆனது. தோலில் எளிதாக நிற்கும். தமிழின் 'ண', 'ஞ' போன்ற எழுத்துக்களின் சுழிகளோ உள்ளே ஒடுங்கியவை. சிறிய அளவில் பதித்தால் சுழியின் நடுவிலுள்ள தோலும் சேர்ந்து அமுங்கி, எழுத்து ஒரு குழியாகிவிடும். கன்னட எழுத்தின் ஒத்தக்ஷரம் காலடியில் தொங்குவதால் வரிக்கு வரி இடைவெளி மிகுதியாக வேண்டும். உருது வலமிருந்து இடம் செல்வது. தகட்டில் திருப்பி வெட்டும்போது அது இடமிருந்து வலம் ஓடி, பார்ப்பதற்கு நம் எழுத்தின் திசையில் வந்துவிடும். தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியையும் கைவினைஞர் வடிவாகவே கண்டு பிழையின்றி வெட்டுவர் என்பது இத்தொழிலில் இயல்பு. பிழை நேர்வது பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவரால்தான். ஒற்று விட்டுப்போன கடைப்பெயர் ஆயிரம் பையில் பதிந்தபின் கண்ணில் படும்! ஆகவே தகடு வெட்டுமுன் காகிதத்தில் எழுத்தை வேறொருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்தல் சிறந்த காப்பு.

தகடு வந்தபின் வேலை அழுத்துபொறியைச் சார்ந்தது. சிறு பட்டறையில் நூற்கட்டுநர் பயன்படுத்தும் திருகு பொறியோ கைநெம்பு பொறியோ போதும். நனைத்த பட்டைத் தோலாயின் தகட்டைக் காய்ச்ச வேண்டியதில்லை. இங்கேதான் புதியவர் தவறுவது வழக்கம். பட்டைத் தோல் நனைந்த நிலையில் சுமார் 75 முதல் 85 பாகை சென்டிகிரேட் சூட்டிலேயே சுருங்கிக் கட்டையாகிவிடும். காய்ச்சிய தகட்டை ஈரத் தோலில் வைத்தால் எழுத்தைச் சுற்றித் தோல் கறுத்துச் சுருண்டு, உலர்ந்தபின் மரத்துண்டுபோல் முறியும். சூடு வேண்டுமாயின் தோல் உலர்ந்திருத்தல் வேண்டும். பொன் தாள் பதிப்பதற்கு 100 பாகைக்கு மேலும் போகலாம், ஆனால் சில நொடிகளே. குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்குவதால் சூட்டுக்கு அஞ்சாது. அதற்கு வேண்டுவது நீண்ட அழுத்தமும் அடியில் கெட்டியான அட்டையும். தோல் எங்கும் ஒரே கனம் உடையதன்று. முதுகுப் பகுதி கெட்டி. வயிற்றுப் பகுதி தொளதொளப்பு. ஒரே அழுத்தத்தில் ஒன்றில் தெளிவாகவும் மற்றொன்றில் தேய்ந்தும் பதியும். ஆதலால் நல்ல பட்டறையில் பெயர் பதியும் துண்டை முதுகிலிருந்தே வெட்டுவர். முதல் அழுத்து எப்போதும் கழிவுத் துண்டில்தான்.

நேயர்களே, இவ்வளவு நுட்பமான தொழிலை நம் சமுதாயம் எவ்வாறு மதித்தது? சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர் வரிசையில் பொற்கொல்லரோடும் சிற்பியரோடும் தோல் தைப்போரும் இடம் பெறுகின்றனர். புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு வீரனின் வேகத்திற்கு, வாரால் கட்டில் பின்னுபவன் கையிலுள்ள ஊசியின் வேகத்தை உவமை கூறுகிறார். உவமையில் வியப்பு இருக்கிறது. அத்தொழிலாளியைக் குறிக்கும் சொல்லிலோ இழிவு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த முரண்பாடு நம்மை விட்டு நீங்கவில்லை. தோலைத் தொடுவோரைத் தீண்டாதார் என்று ஒதுக்கிய ஊர், அவர் தைத்த செருப்பைக் காலிலும் அவர் செய்த பையைத் தோளிலும் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. பாளையத்திற்குக் குடிபெயர்ந்தோருள் பலர் கூலிக்காக மட்டும் வந்தவர் அல்லர். சேரியின் எல்லைக்கோடு இல்லாத ஒரு தெருவைத் தேடியும் வந்தவர். சிவாஜிநகருக்கு வடக்கே செல்லும் டானரி ரோடு இப்போது டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்குகிறது. தோற்சாலையால் பெயர் பெற்ற சாலைக்கு அப்பெயர் பொருந்துவதுபோல் வேறொன்று பொருந்துமா என்பது ஐயமே. கர்நாடக அரசு தோற்கலைஞர்க்கென 1976இல் நிறுவிய கழகமும் பாபு ஜகஜீவன்ராம் பெயரையே கொண்டுள்ளது.

மற்றொரு கணக்கும் உண்டு. வேலூர் வட்டாரத்துத் தோற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் உச்ச நீதிமன்றம் வரலாற்றுப் புகழ் பெற்ற தீர்ப்பை வழங்கியது. கெடுத்தவரே செலவு ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பெங்களூரில் நாம் தோளில் மாட்டும் பையின் தோல் அந்த ஆற்றங்கரையிலிருந்து வந்திருக்கலாம். பட்டை முறை மாசே அற்றது என்று நான் கூறவில்லை. அதன் கழிவுநீரும் கருத்து நாறுவதே, உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. ஆயினும் குரோமியம் அதில் இல்லை. பட்டைத் தோலின் விலை மிகுதி என்று முகம் திருப்புவோர், பாலாற்றின் விலையை எந்த ஏட்டில் எழுதுகின்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

1947ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பாளையம் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பெற்றது. குதிரைப்படையின் இடத்தை இயந்திர வண்டிகள் முன்னமே பிடித்துவிட்டன. அகன்ற அம்பின் காலம் முடிந்தது. அதன்பின் தகட்டில் ஏறியவை பள்ளியின் சின்னம், கம்பெனியின் பெயர், திருமணத்திற்கு வழங்கும் கைப்பையின் மேல் மணமக்களின் முதலெழுத்து போன்றவை. தகட்டை உடைமையாளர் திரும்ப வாங்கிச் செல்வது அரிது. பட்டறையின் அலமாரியில் பெயர் எழுதிய காகிதத்தில் சுற்றி அது உறங்கும். கடை மூடப்பட்டாலும் தகடு இருக்கும். ஆனால் பித்தளைக்கு எடை உண்டு, எடைக்கு விலை உண்டு. பட்டறை இடம் மாறும்போதோ உரிமையாளர் மறையும்போதோ அத்தகடுகள் பழைய உலோகக் கடைக்குச் சென்று, தராசில் ஏறி, உலையில் உருகிக் குழாய்த் திருகாகவோ கதவுக் கைப்பிடியாகவோ மாறுகின்றன. வீட்டில் அத்தகைய தகடு ஒன்று கிடப்பின், விற்குமுன் அதில் சிறிது மை தடவி ஒரு காகிதத்தில் ஒற்றி, ஆண்டையும் ஊரையும் அருகில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளும் சிறிது மையும் தவிர அதற்கு வேறு செலவில்லை.